கடைசிப் பந்தியில் வாளியோடு நிற்பவர்: பேஸ்பால் குளோசரை எப்படிப் புரிந்துகொள்வது?

2022 மார்ச்சில் குளோசர் கென்லி ஜான்சன் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணியை விட்டு அட்லாண்டா பிரேவ்ஸுக்குப் போனார். ஒரு வருட ஒப்பந்தம், 16 மில்லியன் டாலர். 2010-லிருந்து 2021 வரை பன்னிரண்டு சீசன் டாட்ஜர்ஸுக்காக மட்டுமே எறிந்தவர். அந்த அணியின் வரலாற்றிலேயே அதிகமான 350 சேவ் (சேவ் என்றால் என்ன என்று கீழே வருகிறது) அவர் பெயரில் இருக்கிறது. அடுத்த இடத்தில் இருக்கும் எரிக் கான்யேவுக்கு 161 தான், பாதிகூட இல்லை.

இவ்வளவு செய்த ஒருவர் கிளம்பினால் ஊரே அழும் என்றுதானே நினைப்போம்? டாட்ஜர்ஸ் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். ஒரு சாரார் கண்கலங்கினார்கள். இன்னொரு சாரார் "அப்பாடா, இனி ஒன்பதாவது இன்னிங்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம்" என்றார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தின் மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை, 2017-லிருந்து 2021 வரை அவர்கள் பார்த்ததை நானும் பார்த்திருந்தால் அப்படித்தான் பேசியிருப்பேன். ஆனால் இரண்டு தரப்புமே சேவ், குளோசர் என்ற சொற்களை வைத்துக்கொண்டு பேசும்போது கணக்கு எங்கேயோ உதைக்கிறது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்துவிட்டு இப்போதுதான் பேஸ்பால் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு இன்னும் குழப்பம். அதனால் அடியிலிருந்து வருவோம்.

முதலில் ஒரு கல்யாண வீடு

கடைசிப் பந்தி. இலை போட்டாயிற்று, சாம்பார் வாளி பாதி வரிசை வருவதற்குள் காலி. யார் திட்டு வாங்குவார்கள்? வாளியைக் கையில் வைத்திருக்கும் பையன்தான். முதல் பந்தியில் ஒரு கரண்டிக்கு மூன்று கரண்டியாக ஊற்றியவரையோ, முந்நூறு பேருக்கு வைக்க வேண்டிய இடத்தில் இருநூறு பேருக்குப் பருப்பு வேகவைத்த சமையல்காரரையோ யாருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வராது. சாம்பார் சரியாக எல்லா இலைக்கும் வந்துவிட்டால்? பரிமாறிய பையனின் முகம்கூட யாருக்கும் தெரியாது.

குளோசரின் வேலை ஏறக்குறைய இதுதான். இந்த வாளியை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவோம்.

இரண்டே பத்தியில் பேஸ்பால்

ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரு அணிக்கும் ஒரு முறை பேட்டிங், மூன்று பேர் அவுட் ஆனால் அந்த முறை முடிந்தது. பேட்டர் ஓடி, மூன்று பேஸ்களையும் வரிசையாகத் தொட்டு, கிளம்பிய இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். பந்து எறிபவர் பிட்சர். ஆட்டத்தைத் தொடங்குபவர் ஐந்தாறு இன்னிங்ஸ் எறிந்து களைத்ததும் அவருக்குப் பதிலாக வருபவர்கள் எல்லோரும் ரிலீஃப் பிட்சர்கள். இவர்கள் காத்திருந்து கையைச் சூடாக்கிக்கொள்ளும் இடத்துக்குப் புல்பென் என்று பெயர், அந்தக் கூட்டத்தையும் அதே பெயரால்தான் சொல்வார்கள்.

இங்கே கிரிக்கெட்டோடு ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, நம் ஆட்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். கிரிக்கெட்டில் பும்ரா முதலில் இரண்டு ஓவர் போட்டுவிட்டு, நடுவில் எல்லைக்கோட்டில் நின்று ஓய்வெடுத்துவிட்டு, பதினெட்டாவது ஓவருக்குத் திரும்பி வரலாம். பேஸ்பாலில் ஆட்டத்தை விட்டு வெளியே எடுக்கப்பட்டவர் அன்றைக்கு மறுபடி உள்ளே வர முடியாது. அதாவது பயிற்சியாளர் ஒரு ரிலீஃப் பிட்சரைப் பயன்படுத்தினால் அவரைச் செலவழித்துவிட்டார் என்று அர்த்தம். ஆகவே மிகச் சிறந்த ஆளை எப்போது செலவழிப்பது என்பதுதான் கேள்வி. பெரும்பாலான அணிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த பதில்: கடைசிக்கு வைத்துக்கொள். அப்படிக் கடைசி இன்னிங்ஸுக்கு என்றே வைத்திருக்கும் ரிலீஃப் பிட்சர்தான் குளோசர்.

ஆக, ரிலீஃப் பிட்சர் என்பது மொத்தக் கூட்டம், குளோசர் அதில் கடைசி ஆள். வெளியே போனால் திரும்ப முடியாது. இவ்வளவு போதும்.

சேவ் என்றால் என்ன?

ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்று சிகாகோவில் ஒரு விளையாட்டுச் செய்தியாளர் இருந்தார். ரிலீஃப் பிட்சர்களுக்கு ஒழுங்கான கணக்கே இல்லையே என்று 1960 வாக்கில் அவர் யோசித்துப் பிடித்த கணக்குத்தான் சேவ். 1969-ல் அதிகாரப்பூர்வமாகச் சேர்ந்தது.

விதி இப்படி. உங்கள் அணி ஜெயிக்க வேண்டும், ஆட்டத்தின் கடைசிப் பந்து வரை நீங்கள் எறிந்திருக்க வேண்டும், வெற்றி பெற்ற பிட்சர் என்ற பதிவு உங்களுக்குப் போயிருக்கக் கூடாது. அதோடு மூன்றில் ஏதாவது ஒன்று பொருந்த வேண்டும்: மூன்று ரன் அல்லது அதற்குக் குறைவான முன்னிலையில் உள்ளே வந்து ஒரு முழு இன்னிங்ஸாவது எறிந்திருக்கலாம், அல்லது எதிரணி சமன் செய்யும் ஆள் பேஸிலோ, மட்டையோடு நின்றோ, அடுத்து வரவோ காத்திருக்கும்போது வந்திருக்கலாம், அல்லது முன்னிலை எவ்வளவாக இருந்தாலும் கடைசி மூன்று இன்னிங்ஸையும் உருப்படியாக எறிந்திருக்கலாம்.

இந்த மூன்றாவது வழியால் ஒரு கூத்து நடந்தது. 2007 ஆகஸ்டில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி பால்டிமோர் ஓரியோல்ஸை 30-3 என்று துவைத்து எடுத்தது. தட்டச்சுப் பிழை இல்லை, முப்பதுக்கு மூன்று. வெஸ் லிட்டில்டன் என்பவர் கடைசி மூன்று இன்னிங்ஸை எறிந்தார், அவர் வந்தபோது அணி 14-3 என்று முன்னிலையில் இருந்தது. அவருக்கும் ஒரு சேவ். யாரிடமிருந்து எதைக் காப்பாற்றினார் என்று கேட்கக் கூடாது, விதி அப்படி.

இது அபூர்வம்தான். ஆனால் இதைவிடச் சின்ன அளவில் இதே கோளாறு தினமும் நடக்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸ், மூன்று ரன் முன்னிலை, பேஸில் யாரும் இல்லை. வந்து மூன்று பேரை அவுட் ஆக்கினால் ஒரு சேவ். ஒரே ஒரு ரன் முன்னிலையில், எதிரணியின் மிகச் சிறந்த மூன்று பேட்டர்களுக்கு எறிந்து ஆட்டத்தை முடித்தாலும் அதே ஒரு சேவ். ஏட்டில் இரண்டும் ஒன்று.

அதற்கு நேர் எதிர், புளோன் சேவ். சேவ் வாங்கக்கூடிய நிலையில் உள்ளே வந்து, சமன் செய்யும் ரன்னை விட்டுவிட்டால் அந்தப் பெயர். இதில் ஒரு அநியாயம் பாருங்கள். ஏழாவது இன்னிங்ஸில் வரும் ரிலீஃப் பிட்சரும் புளோன் சேவ் வாங்கலாம், ஆனால் அவர் நன்றாக எறிந்தால் சேவ் கிடைக்காது, ஏனென்றால் ஆட்டத்தை முடிப்பவர் அவர் இல்லை. திட்டு மட்டும் உண்டு, கூலி கிடையாது.

சுருக்கமாக: சேவ் என்பது ஒருவர் எந்த நேரத்தில் உள்ளே வந்தார் என்பதையும் சொதப்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. அவர் எவ்வளவு கஷ்டமான வேலையைச் செய்தார் என்பதை அது சொல்லாது.

கஷ்டத்தை அளப்பது எப்படி?

கடப்பாரையால் பாறையை நெம்பியிருக்கிறீர்களா? அதே பலம், ஆனால் எந்த இடத்தில் கை வைத்து அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்துப் பாறை அசையும் அளவு மாறும். ஆட்டத்திலும் அப்படித்தான். சில நேரங்களில் ஒரு அடி விழுந்தால் ஒன்றும் ஆகாது, சில நேரங்களில் அதே அடி ஆட்டத்தையே புரட்டிவிடும். இந்த நேரத்தில் நடப்பது வெற்றி வாய்ப்பை எவ்வளவு புரட்டும் என்பதைத்தான் லெவரேஜ் என்கிறார்கள். நெம்புகோல் என்ற அர்த்தத்திலேயே வந்த பெயர். சராசரி நிலைமைக்கு 1 என்று வைத்துக்கொள்வார்கள், நெருக்கடி கூடக் கூட 2, 3 என்று ஏறும்.

மேலே சொன்ன மூன்று ரன் முன்னிலை இருக்கிறதே, ஒன்பதாவது இன்னிங்ஸ் என்றாலும் அந்தத் தொடக்கத்தில் லெவரேஜ் சராசரியை ஒட்டித்தான் இருக்கும். ஒரு ரன் முன்னிலை என்றால் மூன்று மடங்கை ஒட்டிப் போய்விடும். இன்னிங்ஸ் எண் மட்டும் நெருக்கடியைத் தீர்மானிப்பதில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

இரண்டு ஆட்டங்கள் சொல்கிறேன், புரிந்துவிடும்.

2016 அக்டோபர், டொராண்டோ. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஒற்றை ஆட்டம். பால்டிமோர் ஓரியோல்ஸிடம் ஸாக் பிரிட்டன் இருந்தார். அந்த சீசனில் 47 சேவ் வாய்ப்பு, நாற்பத்தேழையும் சேவ் ஆக்கினார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்று பார்க்கும் கணக்குக்கு ஈஆர்ஏ என்று பெயர், அவருடையது 0.54. மூன்றுக்குக் கீழே இருந்தாலே நல்ல பிட்சர் என்பார்கள், இது மனிதர் செய்கிற வேலையே இல்லை. ஆட்டம் 2-2 என்று சமனில் ஓடுகிறது, ஒன்பது, பத்து, பதினொன்று என்று போகிறது. ஓரியோல்ஸ் வெளியூர் அணி, சமனில் இருக்கும்வரை அவர்களுக்குச் சேவ் வாய்ப்பே கிடையாது. முன்னிலை வரட்டும் என்று பயிற்சியாளர் பக் ஷோவால்டர் பிரிட்டனைப் புல்பென்னிலேயே வைத்திருந்தார். பதினோராவது இன்னிங்ஸில் டொராண்டோவின் எட்வின் என்கார்னசியோன் மூன்று ரன் தரும் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, பந்து எல்லையைத் தாண்டிப் போகும் அடி) அடித்தார், ஆட்டம் முடிந்தது. பிரிட்டன் ஒரு பந்துகூட எறியவில்லை. பீரோவில் பூட்டி வைத்த பட்டுப்புடவை மாதிரி, எந்தக் கல்யாணத்துக்கும் கட்டாமலே.

இன்னொன்று, ஜான்சன் போன பிறகு 2022 அக்டோபரில் டாட்ஜர்ஸுக்கே நடந்தது. அந்த வருடம் அவர்கள் 111 ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். சான் டியேகோ பாட்ரெஸுடன் நாக்அவுட் தொடரின் நாலாவது ஆட்டம், 3-0 முன்னிலை, ஏழாவது இன்னிங்ஸ். மூன்று ரிலீஃப் பிட்சர்கள் மாறி மாறி வந்து அந்த ஒரே இன்னிங்ஸில் ஐந்து ரன் போனது, 5-3 என்று தோற்று வெளியேறினார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ் வருவதற்கு முன்பே வீடு எரிந்து முடிந்துவிட்டது.

ஆனாலும் அப்புறம் பேச்சு எப்படி ஓடியது என்றால், "நமக்கு நல்ல குளோசர் இல்லை".

அடுத்தவர் விட்டுவிட்டுப் போன ஆட்கள்

இப்போது வாளிக்குத் திரும்புவோம். ஒரு பிட்சர் எதிரணி ஆளைப் பேஸில் ஏறவிட்டுவிட்டு வெளியே போகிறார், அடுத்து வருபவரின் பந்தில் அந்த ஆள் ஓடி ரன் எடுக்கிறார். ரன் யார் கணக்கில்? ஏறவிட்டவர் கணக்கில். ஈஆர்ஏ இந்த விஷயத்தில் நியாயமாக நடந்துகொள்கிறது. ஆனால் அந்த ரன் சமன் செய்யும் ரன்னாக இருந்து, வந்தவர் சேவ் நிலையில் வந்திருந்தால், புளோன் சேவ் மட்டும் வந்தவர் தலையில். ஒரே ரன்னுக்கு இரண்டு ஏட்டில் இரண்டு பேர் குற்றவாளி.

ஜான்சனின் கடைசி டாட்ஜர்ஸ் அக்டோபரில், 2021-ல், அட்லாண்டாவில் பிரேவ்ஸுடன் நாக்அவுட் தொடரின் இரண்டாவது ஆட்டம் 4-4. ஒன்பதாவது இன்னிங்ஸில் டான்ஸ்பி ஸ்வான்சன் ஏற்கெனவே பேஸில் இருக்கிறார், அவரை ஏறவிட்டவர் வேறொரு பிட்சர். இரண்டு பேர் அவுட் ஆன நிலையில் ஜான்சனைக் கொண்டுவந்தார்கள். முதல் பந்தையே எடி ரொசாரியோ அடித்தார், ஸ்வான்சன் ஓடி வந்தார், முடிந்தது கதை. அந்த ரன் ஜான்சன் கணக்கில் ஏறவில்லை. ஆனால் தொலைக்காட்சியில் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தவர் யார்? அவர்தான். ரசிகர் மனதில் ஒட்டுவது அந்தப் படம்.

நினைவு எப்படி ஏமாற்றுகிறது?

ஒன்பதாவது இன்னிங்ஸுக்குள் முன்னிலையோடு நுழையும் அணி நூற்றில் சுமார் 95 ஆட்டம் ஜெயிக்கிறது. பெரிய முன்னிலை, சின்ன முன்னிலை எல்லாம் சேர்த்த கணக்கு இது. குளோசர் என்ற பதவியே இல்லாத காலத்திலும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது.

இந்த ஒரு எண்ணை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒன்று, 350 சேவ் என்று மாலை போடுகிறவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம், அதில் கணிசமானவற்றைச் சுமாரான ஒரு பிட்சரும் முடித்திருப்பார். இரண்டு, முன்னிலை என்றாலே ஜெயித்தாகிவிட்டது என்று ரசிகர் மனது முன்கூட்டியே கணக்கை எழுதிவிடுவதால், குளோசர் ஜெயிக்கவைத்தால் "சரி, இதுதானே நடக்க வேண்டியது" என்று எழுந்து போய்விடுகிறோம், தோற்றால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருக்கிறது.

மூன்றாவது இன்னிங்ஸில் நாலு ரன் விட்ட பிட்சருக்கு மிச்ச ஆறு இன்னிங்ஸில் அணி பதில் சொல்லும், ஜெயித்துவிட்டால் அவருடைய சொதப்பல் கரைந்தே போகும். ஒன்பதாவதில் விடுபவருக்கு அந்த அவகாசம் கிடையாது. பேட்டர் பத்தில் ஏழு முறை அவுட் ஆனாலும் நட்சத்திரம், குளோசர் பத்தில் மூன்று முறை விட்டால் வேலை போய்விடும். ஜான்சன் தன் வாய்ப்புகளில் பத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பதை முடித்தவர்.

சரி, அந்தப் பத்தாவது எங்கே விழுந்தது? அங்கேதான் டாட்ஜர்ஸ் ரசிகர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2017 உலகத் தொடரின் (பட்டத்துக்கான இறுதித் தொடர்) இரண்டாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், மார்வின் கோன்சாலஸின் ஹோம் ரன். 2018 உலகத் தொடரில் அடுத்தடுத்த இரண்டு ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் சமன் செய்யும் ஹோம் ரன்கள், ஒன்று ஜாக்கி பிராட்லி, ஒன்று ஸ்டீவ் பியர்ஸ். இரண்டிலும் வழக்கமான ஒரு இன்னிங்ஸுக்கு மேல் இழுப்பதற்காக அவரை முன்னாலேயே கொண்டுவந்திருந்தார்கள் என்பது வேறு விஷயம். 2020 உலகத் தொடரின் நாலாவது ஆட்டம், இன்னும் ஒரே ஒரு ஸ்டிரைக் (பேட்டர் தவறவிடும் பந்து, மூன்று சேர்ந்தால் அவுட்) போதும் என்ற நிலையில் பிரெட் பிலிப்ஸ் அடித்தார், நடுக்களத்தில் ஒருவர் பந்தை நழுவவிட, ஹோம் பிளேட்டில் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) தவறவிட, ஒரே அடியில் இரண்டு ரன், ஆட்டம் போச்சு. அந்தப் பந்தில் இரண்டு ஃபீல்டர்களின் தவறு இருக்கிறது. இருந்தாலும் வாளி யார் கையில்?

அப்புறம் 2021 ஜூலை. சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ், ஜென்ம விரோதி, சொந்த மைதானத்தில் அடுத்தடுத்த இரண்டு இரவு ஜான்சன் முன்னிலையைக் கோட்டைவிட்டார். சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டு விரட்டினார்கள். சீசன் முடிவில் ஜயன்ட்ஸ் 107 வெற்றி, டாட்ஜர்ஸ் 106. ஒரே ஒரு ஆட்டத்தில் பிரிவின் முதலிடம் கைவிட்டுப் போனது! அந்த ஜூலை இரவுகளை யாரால் மறக்க முடியும்? நியாயமாகப் பார்த்தால் 162 ஆட்டத்தில் தோற்ற 56-ல் எதை வேண்டுமானாலும் கை காட்டலாம், ஆனால் மனிதர்கள் அப்படிக் கை காட்டுவதில்லை. அதே சீசனில் அவர் 38 சேவ், ஈஆர்ஏ 2.22 என்று முடித்தார். அதுவரை இருந்த மூன்று சீசன்களைவிட நல்ல எண்.

சொல்ல வந்தது இவ்வளவுதான்: வெற்றிகள் தேதியில்லாமல் ஒரே குவியலாகிவிடுகின்றன, தோல்விகள் ஒவ்வொன்றும் தேதியோடும் எதிராளியின் பெயரோடும் நிற்கின்றன. மேலே நான் எழுதியதையே பாருங்கள், அவர் காப்பாற்றிய ஒரு ஆட்டத்தைக்கூடப் பெயர் சொல்லி எழுதவில்லை.

கிளம்பும் ஆளை எதை வைத்து எடைபோடுவது?

ஜான்சன் கரீபியன் கடலில் இருக்கும் குராசாவோ தீவுக்காரர். கேட்சராகத்தான் ஒப்பந்தமானார். 2009 உலக பேஸ்பால் கிளாசிக்கில் நெதர்லாந்து அணிக்குக் கேட்சர், டொமினிக்கன் குடியரசை அவர்கள் கவிழ்த்த ஆட்டத்தில் அடி விழாமலே ஓடி மூன்றாவது பேஸைத் திருடப் பார்த்தவரைப் பந்தை எறிந்து அவுட் ஆக்கினார். பேட்டிங் சுமார், கை மட்டும் பீரங்கி. அதே வருடம் பிட்சராக மாற்றினார்கள், அடுத்த வருடமே பெரிய லீக். கட்டர் என்று ஒரு பந்து, நேராக வருவது போல வந்து கடைசி நேரத்தில் சில அங்குலம் விலகும், கிட்டத்தட்ட அதை மட்டுமே வைத்துப் பிழைத்தார். 2017 சீசன் தொடக்கத்தில் 51 பேரை ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் அவுட்) செய்த பிறகுதான், நாலு தப்பான பந்து எறிந்து முதல் ஆளை முதல் பேஸுக்கு இலவசமாக நடக்கவிட்டார். இதய அறுவை சிகிச்சை ஒன்றுக்கு இரண்டு முறை நடந்தது, 2012-லும் 2018-லும்.

இந்த மாதிரி ஆளை எடைபோட சேவ் எண்ணிக்கையையும் விடுங்கள், ஊரார் ஞாபகத்தையும் விடுங்கள். மூன்றைப் பார்க்கலாம்: நெருக்கடி நேரத்தில் எத்தனை முறை அனுப்பப்பட்டார், ஸ்டிரைக் அவுட்டுக்கும் இலவச நடைக்கும் உள்ள விகிதம், எத்தனை வருடம் தாக்குப்பிடித்தார். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரிலீஃப் பிட்சர்கள் பட்டாசு மாதிரி, இரண்டு மூன்று வருடம் வெடித்துவிட்டு அணைந்துபோகிறவர்களே அதிகம்.

அவர் போனதும் டாட்ஜர்ஸ் கிரெய்க் கிம்ப்ரலைக் கொண்டுவந்தார்கள். கிம்ப்ரல் ஒரு காலத்தில் அட்லாண்டாவின் செல்லப்பிள்ளை, ஆக ஆள்மாற்றம் முழுமையானது. 22 சேவ், ஈஆர்ஏ 3.75, செப்டம்பரில் குளோசர் பதவி பறிபோனது, அக்டோபர் நாக்அவுட் அணியிலேயே இடமில்லை. அட்லாண்டாவில் ஜான்சன் அதே வருடம் 41 சேவ், நேஷனல் லீகில் அதிகம். பிறகு பாஸ்டன் சட்டையில் 400-வது சேவை எடுத்தார், அதுவும் அட்லாண்டா மைதானத்தில்.

டாட்ஜர்ஸ் 2020, 2024, 2025 என்று மூன்று முறை பட்டம் வென்றார்கள். கடைசி அவுட்டை எடுத்தவர்கள் முறையே ஊலியோ ஊரியாஸ், வாக்கர் பியூலர், யோஷினோபு யாமமோட்டோ. மூவருமே வழக்கமாக ஆட்டத்தைத் தொடங்குகிறவர்கள். 2020-ல் ஜான்சன் அணியிலேயே இருந்தார், அந்த ஒன்பதாவது இன்னிங்ஸைப் புல்பென்னிலிருந்து பார்த்துக்கொண்டு.